பியானோ மேடையில் அறுபது ஆண்டுகள்: கிளாரா ஷூமனின் தொழில் வாழ்க்கை

மேற்கத்திய செவ்வியல் இசையில் பியானோ கச்சேரி என்றவுடன் இன்று மனத்தில் எழும் காட்சி ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றே. மேடையில் பெரிய பியானோ ஒன்று இருக்கும். அதன் முன் ஒருவர் மட்டும் அமர்ந்து, எதிரே இசைக்குறிப்புத் தாள் எதுவும் இல்லாமல், பெரும்பாலும் தாம் பிறக்கும் முன்பே மறைந்துவிட்ட இசையமைப்பாளர்களின் படைப்புகளை மனப்பாடமாக வாசிப்பார். அவையினர் வாய் திறவாமல் கேட்டிருந்து ஒவ்வொரு படைப்பும் முடிந்த பின்னரே கைதட்டுவர். இந்த நடைமுறை தொன்றுதொட்டு வந்ததுபோல் தோன்றினாலும், உண்மையில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நகரங்களில் ஓரிரு தலைமுறைக்குள் உருவானது. அதற்கு முன் பியானோ கலைஞர் என்பவர் பெரும்பாலும் தம் சொந்தப் படைப்பையே வாசித்தார். அதுவும் தனியாக அன்று, பாடகர்களும் பிற கருவிக் கலைஞர்களும் வாத்தியக் குழுவும் மாறி மாறித் தோன்றும் கதம்ப நிகழ்ச்சி ஒன்றின் நடுவே வாசித்தார். இந்த மாற்றத்தை ஒருவரே செய்துவிடவில்லை. எனினும், அதன் தொடக்கம் முதல் முடிவு வரை மேடையிலேயே நின்றவர், தம் அன்றாட உழைப்பால் அதற்கு உருக்கொடுத்தவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால், ஜெர்மானியக் கலைஞர் கிளாரா ஷூமனைத்தான் (1819–1896) சுட்ட வேண்டும். 1828-இல் ஒன்பது வயதில் முதன்முதலாக மேடையேறிய அவர், 1891-இல் எழுபத்தொரு வயதில் கடைசியாக மேடையில் வாசித்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் பங்கேற்ற கச்சேரிகளின் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல்கள் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் சேர்த்து வைக்கப்பட்டு, இன்று ஸ்விக்காவ் நகரிலுள்ள ராபர்ட் ஷூமன் இல்லத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு கலைஞரின் தொழில் வாழ்க்கையை இவ்வளவு விரிவாகக் காட்டும் ஆவணத் தொகுதி அந்த நூற்றாண்டில் மிக அரிது.

ஆயினும் கிளாராவைப் பற்றிப் பரவலாக எழுதப்பட்டவற்றில் இந்த நிகழ்ச்சி நிரல்களைவிடக் காதல் கடிதங்களுக்கே அதிக இடம் கிடைத்துள்ளது. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனை எதிர்ப்புகளுக்கிடையே மணந்தவர், அவர் மனநோயால் மறைந்த பின் இளம் இசையமைப்பாளர் பிராம்ஸின் நேசத்துக்குரியவராக இருந்தவர் என்ற இரு சித்திரங்களுக்கு இடையில், அறுபது ஆண்டுக்கு மேல் உழைத்துப் பிழைத்த ஒரு தொழிலாளி காணாமல் போய்விடுகிறார். 1902 முதல் 1908 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த பெர்த்தோல்ட் லிட்ஸ்மனின் வரலாற்று நூல் அவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் முதன்முதலில் வெளிக்கொணர்ந்தது என்றாலும், அவரைத் தொழில்முறைக் கலைஞராக முறையாக ஆராயும் முயற்சி 1985-இல் நான்சி ரைக்கின் நூலோடுதான் வலுப்பெற்றது.

கிளாரா லைப்ஸிக் நகரில் 1819 செப்டம்பர் 13 அன்று பிறந்தார். தந்தை ஃபிரிட்ரிஷ் வீக் பியானோ ஆசிரியர். பியானோக்களை விற்பதும் வாடகைக்கு விடுவதும், இசைத் தாள்களை இரவல் தருவதும் அவருடைய துணைத் தொழில்கள். தாய் மரியானே, லைப்ஸிக்கின் புகழ்பெற்ற அரங்கில் பாடவும் பியானோ வாசிக்கவும் செய்த கலைஞர். இருவரும் பிரிந்தபோது, ஐந்து வயது நிரம்பிய குழந்தை தந்தைக்கே உரியது என்ற சாக்சனி நாட்டுச் சட்டத்தின்படி, 1824-இல் கிளாரா தாயிடமிருந்து தந்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நான்கு வயது கடந்தும் சரியாகப் பேசாத குழந்தை அது. காது கேளாதோ என்றுகூட ஐயுற்றனர். ஆனால் இசையைக் கேட்டவுடன் கட்டைகளில் வாசித்துக் காட்டியது. வீக்கின் கற்பித்தல் முறையில் தொடக்கத்தில் இசைக்குறிப்புக்கு இடமில்லை. முதலில் காதால் கேட்டு விரலால் தேடுதல், பிறகே தாளைப் படித்தல் என்பது அவர் வகுத்த வரிசை. மணிக்கணக்காகப் பயிற்சி செய்வதை அவர் அனுமதிக்கவில்லை. பயிற்சி நேரத்துக்கு வரம்பு வைத்து, அதற்கு ஈடாக நாள்தோறும் நீண்ட நடையைக் கட்டாயமாக்கினார். விரலைச் சுத்தியல்போல ஓங்கி அடிக்காமல், கட்டையின் மேல் கையைப் பதித்து அழுத்தி, பாடும் குரலைப் போன்ற நாதத்தை எழுப்ப வேண்டும் என்பது அவருடைய அடிப்படைப் பாடம். பல பத்தாண்டுகளுக்குப் பின் தம் மாணவிகளுக்குக் கிளாரா சொல்லித் தந்ததும் இதையேதான்.

இந்த வளர்ப்பில் ஒரு வணிகக் கணக்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மகளின் மேடை வெற்றி தந்தையின் பள்ளிக்கும் கடைக்கும் நடமாடும் விளம்பரமாயிற்று. மகளுக்காக 1827-இல் அவர் தொடங்கிய நாட்குறிப்பில் பல பக்கங்களை அவரே எழுதினார். அதுவும் ‘நான்’ என்று மகளின் குரலில், தம்மைப் புகழ்ந்தும் மகளைக் கடிந்தும் எழுதினார். பிற்காலத்து ஆய்வாளருக்கு இது ஒரு விசித்திரமான ஆவணம்: சிறுமியின் உள்ளத்தை அறிய அதைத் திறப்பவர், தந்தையின் கையெழுத்தில் தந்தையின் மனத்தையே பெரும்பாலும் படிக்க நேர்கிறது. இருந்தபோதிலும், கச்சேரித் தொழிலின் நடைமுறையைக் கிளாரா கற்றதும் அவரிடமிருந்தே. அந்தக் காலத்தில் கச்சேரி ஏற்பாட்டாளர் என்றொரு தொழில் உருவாகியிருக்கவில்லை. புதிய ஊருக்குச் செல்லும் கலைஞர், அறிமுகக் கடிதங்களோடு செல்வாக்குள்ளோர் வீடுகளில் ஏறி இறங்கி, சில மாலைகள் இலவசமாக வாசித்துப் பெயர் பரப்பி, அரங்கை வாடகைக்குப் பிடித்து, ஊராட்சியின் அனுமதி பெற்று, உடன் பாட ஆள் தேடி, விளம்பரம் அச்சிட்டு, சீட்டு விற்று, கிடைத்த பியானோவைச் சுருதி கூட்டி, பழுதிருந்தால் அதையும் பார்த்த பிறகே வாசிக்க உட்கார முடியும். வீக் இவை அனைத்தையும் தாமே செய்தார். மகள் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

1828 அக்டோபர் 20 அன்று லைப்ஸிக்கின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில், வேறொருவரின் கச்சேரியில் இருவர் சேர்ந்து வாசிக்கும் படைப்பு ஒன்றில் பங்கேற்றதே அவருடைய முதல் மேடை. துணி வணிகர்களின் மாளிகையில் மேல்தளத்தில் 1781-இல் அமைக்கப்பட்ட இந்த அரங்கு, ஜெர்மன் நாடுகளில் இசையறிவுள்ள நடுத்தர வகுப்பினர் கட்டணம் செலுத்திக் கேட்கும் கச்சேரி மரபின் மையங்களுள் ஒன்று. அதே அரங்கில் 1830 நவம்பர் 8 அன்று அவர் பெயரிலேயே முதல் முழுக் கச்சேரி நடந்தது. அன்றைய படைப்பாளிகள் யார் என்று பார்த்தால் காலத்தின் சுவை தெரியும்: கால்க்பிரென்னர், ஹெர்ட்ஸ் ஆகியோரின் பகட்டான மேடைப் படைப்புகள், அவற்றோடு சிறுமியே இயற்றிய ஒரு மாறுவடிவத் தொகுதி. மாறுவடிவம் என்பது தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு அணிகளோடும் விரைவோடும் அதைத் திரும்ப வாசிக்கும் வகை. விரல் வேகத்தைக் காட்ட அதைவிட ஏற்றது இல்லை. கால்க்பிரென்னரையும் ஹெர்ட்ஸையும் இன்று வாசிப்பார் மிகச் சிலரே. 1830-களின் தொடக்கத்தில் ஒரு கச்சேரியை நிறைத்தவை அவையே. பாக், பீத்தோவன் ஆகியோரின் தனிப் பியானோ படைப்புகள் வீட்டுக் கூடத்துக்கும் நண்பர் வட்டத்துக்கும் உரியவை என்று கருதப்பட்டன.

அந்த எல்லையைக் கிளாரா மெல்லக் கடந்தது 1837-இலும் அதற்கடுத்த குளிர்காலத்திலும் ஆகும். பெர்லினிலும் பிறகு வியன்னாவிலும் பீத்தோவனின் ‘அப்பாசியோனாட்டா’ சொனாட்டாவை அவர் பொதுமேடையில், தாளின்றி வாசித்தார். சொனாட்டா என்பது தனிக் கருவிக்கோ இரு கருவிகளுக்கோ எழுதப்பட்ட, பல பகுதிகள் கொண்ட விரிந்த படைப்பு. இந்தக் குறிப்பிட்ட சொனாட்டா இருபது நிமிடத்துக்கும் மேல் நீள்வது, கேளிக்கைக்கு இடம்கொடாதது. தாளின்றி வாசித்ததை எல்லோரும் பாராட்டிவிடவில்லை. பிறருடைய பெரும் படைப்பைத் தாள் வைக்காமல் வாசிப்பது, அதைத் தன்னுடையதுபோல் காட்டிக்கொள்ளும் அகந்தை என்று பெர்லினில் எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் குறைகூறினார். இன்று தாள் வைத்து வாசிப்பவரே விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பதை நினைத்தால், இந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு தலைகீழானது என்பது புரியும். வியன்னா வேறுவிதமாக எதிர்கொண்டது. கவிஞரும் நாடகாசிரியருமான கிரில்பார்ட்சர் அவர் வாசித்த பீத்தோவனைப் பற்றிக் கவிதை எழுதினார். உணவகங்களில் அவர் பெயரில் ஓர் இனிப்பு கேக் விற்கப்பட்டது. 1838 மார்ச்சில் பேரரசர் அவருக்கு அரசவை இசைக்கலைஞர் பட்டம் அளித்தார். பதினெட்டு வயதுப் பெண், அதிலும் அயல்நாட்டவர், கத்தோலிக்க அரசவையில் புராட்டஸ்டண்ட் சமயத்தவர் என்ற நிலையில் இந்தப் பட்டம் பெரிய விதிவிலக்கு.

இதே ஆண்டுகளில் அவர் இசையமைப்பாளராகவும் அறியப்பட்டிருந்தார். பதின்மூன்று, பதினான்கு வயதில் தொடங்கி எழுதிய கன்செர்ட்டோ, அதாவது ஒற்றைக் கருவியும் வாத்தியக் குழுவும் எதிரும் புதிருமாக நின்று உரையாடும் வகைப் படைப்பு, 1835 நவம்பரில் இசையமைப்பாளர் மெண்டல்சோனின் தலைமையில் கெவாண்ட்ஹவுஸில் அரங்கேறியது. அதன் நடுப்பகுதி கவனித்துக் கேட்கத்தக்கது. வாத்தியக் குழு முழுவதும் ஒதுங்கி நிற்க, பியானோ மட்டும் பாடத் தொடங்குகிறது. பிறகு ஒரே ஒரு செல்லோ, தாழ்ந்த குரலில் தடவி வாசிக்கப்படும் அந்த வில்கருவி, அதே மெட்டை ஏற்றுக்கொள்ள, பியானோ துணைக்கு இறங்குகிறது. வாத்தியக் குழுவை வைத்துக்கொண்டு அதை வாசிக்காமல் இருக்கச் செய்யும் துணிவு ஒரு பதினாறு வயதுக் கலைஞருக்கு எங்கிருந்து வந்தது என்பது வியப்புக்குரியது. இசை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் இந்தப் பகுதியை ஓர் அடிக்குறிப்போடு கடந்தன.

ராபர்ட் ஷூமன் 1830-இல் வீக்கிடம் மாணவராகச் சேர்ந்து அவர் வீட்டிலேயே தங்கியவர். விரலில் ஏற்பட்ட கோளாறு மேடைக் கனவை முடித்துவிட, இசையமைப்புக்கும் இசை இதழியலுக்கும் திரும்பியவர். கிளாராவை அவர் மணக்க வீக் சம்மதிக்கவில்லை. பெற்றோர் சம்மதம் சட்டப்படி வேண்டியிருந்ததால் இருவரும் 1839-இல் நீதிமன்றத்தை நாடினர். இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டது. ஆனால் அதில் பணம் பற்றிய பகுதியை எடுத்துச் சொல்பவர் குறைவு. ஏழு ஆண்டுக் கச்சேரிகளால் மகள் ஈட்டிய சேமிப்பைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், அவருடைய பியானோவையும் உடைமைகளையும் பெறப் பணம் தர வேண்டும் என்பன தந்தை விதித்த நிபந்தனைகளில் சில. தந்தையின் கண்ணில் அது மகளின் சம்பாத்தியம் அன்று, தம் முதலீட்டின் பலன். அந்த ஆண்டு தந்தை உடன்வராமலேயே கிளாரா பாரிஸுக்குச் சென்று, அரங்கு முதல் அறிமுகங்கள் வரை தாமே ஏற்பாடு செய்து கச்சேரி நடத்திக் காட்டினார். பத்தொன்பது வயதுப் பெண் தனியாக இதைச் செய்ய முடியாது என்ற எண்ணம் அங்கே பொய்த்தது. தொழிலில் அவர் சொந்தக் காலில் நின்ற தொடக்கம் திருமணத்துக்கு முந்தைய அந்தப் பயணமே எனலாம். நீதிமன்றம் அனுமதி அளித்தபின், தம் இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், 1840 செப்டம்பர் 12 அன்று அவர் ராபர்ட்டை மணந்தார்.

அடுத்த பதினான்கு ஆண்டுகளில் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. அவற்றுள் ஒன்று கைக்குழந்தையாகவே இறந்தது. அதே காலத்தில் அவர் நூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் வாசித்தார். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும், அந்த வீட்டின் நடப்பு விளங்கிவிடும். கணவர் இசையமைக்கும் நேரத்தில் மனைவி பியானோ வாசிக்கக் கூடாது, சுவர்கள் மெல்லியவை, கணவர் இசையமைக்காத நேரமோ மாலையில் ஓரிரு மணி மட்டுமே. இருவரும் சேர்ந்து எழுதிய திருமண நாட்குறிப்பில், தம் வாசிப்பு பின்தங்கிப் போகிறது என்ற கவலை கிளாராவின் பக்கங்களில் அடிக்கடி தென்படுகிறது. 1844-இன் ரஷ்யப் பயணம் இந்த முரணை வெளிச்சமாக்கியது. ரீகா, டோர்பாட் வழியாகப் பனியில் சறுக்குவண்டியில் பயணம் செய்து, பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் வாசித்து, ஜார் மன்னரின் அரண்மனையிலும் பாராட்டுப் பெற்றவர் கிளாரா. உடன்சென்ற ராபர்ட்டோ வழியில் நோயுற்று, ‘கலைஞரின் கணவர்’ என்ற இடத்தில் மனம் குன்றினார். குடும்ப வரவில் பெரும் தொகைகள் வந்தது இத்தகைய பயணங்களால்தான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தும், அவை குறைக்கப்பட்டே வந்தன.

இசையமைப்பை அவர் கைவிட்டதற்குத் தன்னம்பிக்கைக் குறைவே காரணம் என்று சொல்வது வழக்கம். தமக்குப் படைப்பாற்றல் உண்டென்று ஒருகாலத்தில் நம்பியதாகவும், பெண்ணுக்கு அது உரியதன்று என்று இப்போது கருதுவதாகவும் 1839-இல் அவரே நாட்குறிப்பில் எழுதியது சான்றாகக் காட்டப்படும். அந்தக் குறிப்பு உண்மைதான். அந்தக் காலத்தின் எண்ணத்தை அவர் உள்வாங்கியிருந்தார் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதற்குப் பின்னரே, 1846-இல், அவருடைய மிகச் சிறந்த படைப்பாகப் பலரும் கருதும் பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான ‘ட்ரயோ’ பிறந்தது. அதைவிட அழுத்தமான சான்று 1853-இன் கோடை. ட்யூசல்டார்ஃப் நகரில் குடும்பம் ஒரு புதிய வீட்டுக்குக் குடிபுகுந்தபோது, கணவருக்குக் கேட்காத வேறொரு தளத்தில் தமக்கென ஓர் இசையறையை முதன்முறையாகக் கிளாரா பெற்றார். அந்தக் கோடையிலேயே, ராபர்ட்டின் கருப்பொருள் மீதான மாறுவடிவங்கள், பியானோவுக்கும் வயலினுக்குமான ரொமான்ஸ் எனும் சிறு படைப்புகளின் தொகுதிகள், ஆறு பாடல்கள் என நான்கு தொகுதிகளுக்கான இசையை அவர் எழுதிவிட்டார். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைத்ததும் நான்கு தொகுதிகள் வருமென்றால், அதுவரை இல்லாதது திறமையா இடமா என்ற கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அந்த வாய்ப்பும் ஓராண்டு நிலைக்கவில்லை. 1854 பிப்ரவரியில் ராபர்ட் ரைன் ஆற்றில் குதித்தார். காப்பாற்றப்பட்டு, பான் நகருக்கு அருகில் எண்டெனிஷ் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மருத்துவர்களின் அறிவுரையின்படி இரண்டரை ஆண்டுகள் கிளாரா அவரைச் சந்திக்கவில்லை. சந்தித்தது 1856 ஜூலை இறுதியில், அவர் உயிர் பிரிவதற்கு இரண்டு நாள் முன்புதான். கடைசிக் குழந்தை ஃபீலிக்ஸ் பிறந்தது 1854 ஜூனில். அக்டோபரில் தாய் கச்சேரிப் பயணத்தில் இருந்தார். லைப்ஸிக், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், பெர்லின் என்று தொடங்கிய அந்தப் பயணம், அடுத்த ஆண்டு நெதர்லாந்துக்கும், 1856-இல் வியன்னாவுக்கும் முதன்முறையாக இலண்டனுக்கும் நீண்டது. குழந்தைகளைத் தங்கும் பள்ளிகளிலும் உறவினரிடமும் விட்டுச்சென்றதற்காக அவரைக் கடிந்தவர்கள் அன்றும் இருந்தனர், பின்னரும் இருந்தனர். மருத்துவமனைக் கட்டணமும் ஏழு குழந்தைகளின் செலவும் அவர் ஒருவர் கையில்தான் இருந்தன; பிள்ளைகளின் செலவுக்காக ஊர் ஊராகச் சென்று சம்பாதித்த ஆணை ஒருவரும் அப்படிக் கடிந்ததில்லை. பிராம்ஸ் அந்த இரண்டு ஆண்டுகளில் ட்யூசல்டார்ஃபில் தங்கிக் குழந்தைகளையும் வீட்டுக் கணக்கையும் கவனித்துக்கொண்டார். பிராம்ஸுக்கும் கிளாராவுக்கும் இடையிலான உறவைப் பற்றி ஊகங்கள் ஏராளம். இருவரும் 1880-களில் கடிதங்களைத் திருப்பிக்கொடுத்துப் பெரும்பகுதியை அழித்துவிட்டதால், அந்த ஊகங்களால் அறிவுக்குச் சேர்ந்தது அதிகமில்லை.

1856-க்குப் பின் அவர் மேடையில் கறுப்பு உடையே அணிந்தார். ஒரு சிறு படைப்பைத் தவிர இசையமைக்கவுமில்லை. இனி அவர் முழுமையாகப் பிறர் படைப்புகளை வாசிக்கும் கலைஞர். இன்று ‘பொருள்கொண்டு வாசிப்பவர்’ என்ற பொருளில் நாம் அறியும் பியானோ கலைஞரின் உருவம் திரண்டது இந்த இரண்டாம் பாதியில்தான். கச்சேரிக்குள் பாக், பீத்தோவன், ஷூபர்ட், ஷோபன், மெண்டல்சோன் எனக் கால வரிசையோடு ஒரு தெரிவு வந்தமர்ந்தது. விரல் வித்தைக்கென்றே எழுதப்பட்டவை விலகின. நிகழ்ச்சியின் நீளமும் உடன்கலைஞர்களின் எண்ணிக்கையும் குறைந்தன. தனியொருவராகவே கச்சேரி முழுவதையும் நடத்தும் வழக்கத்தையும் அதற்கான பெயரையும் 1840 வாக்கில் பரப்பியவர் பியானோ கலைஞர் லிஸ்ட். கிளாரா அந்த அளவுக்குச் செல்லவில்லை. வயலின் கலைஞர் யோசஃப் யோவாகிம், பாடகர் யூலியஸ் ஸ்டாக்ஹவுசன் ஆகியோருடன் மேடையைப் பகிர்வதையே அவர் விரும்பினார். லிஸ்ட்டுக்கும் கிளாராவுக்கும் இடையே இருந்த வேற்றுமை முறையைவிடக் கொள்கையில்தான் அதிகம். லிஸ்ட்டுக்கு மேடை கலைஞனின் அரியணை. கிளாராவுக்கோ எழுதியவரின் தாளுக்குக் கட்டுப்பட்ட பணியிடம். லிஸ்ட் தம் பெரும் சொனாட்டாவை ராபர்ட்டுக்கு அர்ப்பணித்து 1854-இல் அனுப்பியபோது, கிளாராவுக்கு அது வெறும் இரைச்சலாகப் பட்டது. நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம்தான் நாட்குறிப்பில் பதிவாயிற்று. இந்தத் தீர்ப்பில் அவர் பிழைபட்டார் என்பதே இன்றைய பொதுக் கருத்து.

ராபர்ட்டின் பியானோ இசை உலகறிந்ததாக மாறியதும் இந்தக் காலத்தில்தான். 1830-களில் அவருடைய படைப்புகள் விளங்காதவை, தொடர்பற்றவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. சற்று எளிதாக ஏதேனும் எழுதும்படி கிளாராவே அவரிடம் கேட்டிருக்கிறார். இத்தகைய இசையை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதில் அவர் காட்டிய பொறுமை தொழில் அறிவின் உச்சம். ‘கார்னவல்’ போன்ற, பல சிறு துண்டுகளால் ஆன தொகுதிகளைத் தொடக்கத்தில் முழுமையாக வாசிக்காமல், ஊருக்குத் தகுந்தபடி சிலவற்றைத் தேர்ந்து, அவையோர் அறிந்த பீத்தோவனுக்கும் ஷோபனுக்கும் நடுவில் வைத்தார்; காது பழகப் பழக அளவைக் கூட்டினார். ராபர்ட்டின் பியானோ கன்செர்ட்டோவை 1845 டிசம்பரில் டிரெஸ்டனில் அரங்கேற்றியவரும் அவரே. பின்னர் நகரம் நகரமாக அதைக் கொண்டுசென்றவரும் அவரே. பிராய்ட்கோஃப் பதிப்பகம் வெளியிட்ட ராபர்ட்டின் முழுப் படைப்புத் தொகுதிக்கும் அவர் பதிப்பாசிரியராக இருந்து, 1880-களை அதற்கே பெரும்பகுதி செலவிட்டார். இதில் நிழலும் உண்டு. கணவரின் கடைசி ஆண்டுகளின் படைப்புகளில் நோயின் சாயல் தெரிகிறது என்று அஞ்சி, வயலின் கன்செர்ட்டோவை அச்சேறாமல் தடுத்தார். செல்லோவுக்கான ரொமான்ஸ்கள் ஐந்தை 1893-இல் எரித்தே விட்டார். ஒரு கலைஞரின் புகழைக் காக்க அவருடைய கையெழுத்துப் படியை நெருப்பிலிடும் உரிமை எவருக்கும் இல்லை. இந்தச் செயலுக்கு அன்பு காரணமாக இருக்கலாம், ஆனால் அன்பு நியாயமாகாது.

கிளாராவின் மேடை வழக்கங்களில் ஒன்று இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஒரு படைப்பைத் தொடங்கும் முன், கையைக் கட்டைகளில் வைத்து, சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ மனத்தில் தோன்றியதை வாசித்து, முடிந்த படைப்பின் சுருதிநிலையிலிருந்து வரப்போகும் படைப்பின் சுருதிநிலைக்குப் படிப்படியாக நகர்ந்து, அவையையும் கருவியையும் விரலையும் ஒருசேரத் தயார்ப்படுத்துவது அது. எழுதிவைத்ததை வாசிப்பதும் அந்த நேரத்தில் கற்பிப்பதும் இருவேறு உலகங்கள் என்று இன்றைய செவ்வியல் பியானோ கலைஞர்கள் நினைக்கலாம். தாளுக்குக் கட்டுப்பட்டவர் என்று பெயர்பெற்ற கிளாராவிடம் இரண்டும் ஒரே இருக்கையில் இருந்தன. மகள்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் 1895-இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, இத்தகைய முன்னிசைகள் சிலவற்றை அவர் எழுதிவைத்தார். ஒவ்வொரு முறையும் வேறுவிதமாக வாசிப்பதால் ஒன்றைப் பிடித்து எழுதுவது கடினமாக உள்ளது என்று குறைப்பட்டுக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு மேடையில் இரு படைப்புகளுக்கு நடுவே என்ன ஒலித்தது என்பதற்கு அந்தத் தாள்கள் அரிய சான்று.

உழைப்பின் விலை உடலில் தெரிந்தது. 1870-களில் கைவலி கடுமையாகி, நீண்டகாலம் மேடையை விட்டு விலக நேர்ந்தது. 1877-இல் அவர் வலக்கையில் தசைப்பிடிப்போடு இருந்தபோது, பாக்கின் தனி வயலின் படைப்பான ‘சக்கோன்’ என்பதை இடக்கை மட்டும் வாசிக்கும்படி பிராம்ஸ் மாற்றியமைத்து அனுப்பினார். நிரந்தர வருமானம் தேவைப்பட்ட நிலையில், 1878-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹோக் இசைக் கல்லூரியின் பியானோ ஆசிரியராகப் பொறுப்பேற்றார். தம் வீட்டிலேயே பாடம் நடத்துவது, கச்சேரிப் பயணங்களுக்கு நீண்ட விடுப்பு என்று தம் நிபந்தனைகளை முன்வைத்துப் பெற்றார். மகள்கள் மரீயும் ஓய்கனியும் உதவி ஆசிரியர்கள் ஆயினர். இந்த வருமானம் ஓய்வுக்கானதன்று. மகன் லுட்விக் மனநல விடுதியில் ஆண்டுக்கணக்கில் இருந்தார். யூலி 1872-இலும் ஃபீலிக்ஸ் 1879-இலும் இளவயதில் இறந்தனர். ஃபெர்டினாண்ட் போதை மருந்துக்கு அடிமையாகி 1891-இல் இறக்க, அவருடைய பிள்ளைகளின் செலவும் பாட்டியின் பொறுப்பாயிற்று. அந்த ஆண்டு மார்ச் 12 அன்றுதான் ஃபிராங்க்ஃபர்ட்டில், ஹைடனின் கருப்பொருள் என வழங்கும் மெட்டின் மீது பிராம்ஸ் இயற்றிய மாறுவடிவங்களை இரு பியானோக்களில் சக ஆசிரியர் யேம்ஸ் க்வாஸ்ட்டோடு வாசித்து, கிளாரா மேடையை விட்டார். 1896 மே 20 அன்று இறந்து, பான் நகரில் ராபர்ட்டின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1990-இல் வெளியான ஜெர்மன் நூறு மார்க் தாளில் அவருடைய உருவமும் பின்புறத்தில் ஒரு பியானோவும் அச்சிடப்பட்டன. யூரோ வரும்வரை அந்தத் தாள் கைமாறிக்கொண்டிருந்தது.

அவருடைய வாசிப்பின் ஒலிப்பதிவு எதுவும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி 1877-இலேயே வந்துவிட்டது. பிராம்ஸ் 1889-இல் ஓர் உருளையில் சிறிது நேரம் பதிந்தும் விட்டார். கிளாராவுக்கு அது வாய்க்கவில்லை. எஞ்சியிருப்பவை மாணவிகளின் பதிவுகள். ஃபேனி டேவிஸ், இலோனா ஐபன்ஷூட்ஸ், அடெலினா டி லாரா ஆகிய மூவரும் ஃபிராங்க்ஃபர்ட்டில் அவரிடம் கற்றவர்கள்; மூவருடைய பதிவுகளும் கிடைக்கின்றன. அவற்றை ஆசிரியையின் நகலாக எடுத்துக்கொள்வது தவறு, ஏனெனில் மூவரும் தம்முள்ளேயே வேறுபடுகின்றனர். சில பதிவுகள் கற்று அரை நூற்றாண்டுக்குப் பின், முதிய விரல்களால் செய்யப்பட்டவை. ஆயினும் மூவருக்கும் பொதுவாக உள்ளவற்றை, அதாவது ஓங்கி அடிக்காத தொடுகையையும், உள்ளே நகரும் குரல்களைத் தனித்தனியே கேட்கச் செய்யும் தெளிவையும், வேகத்தைக் காட்சிப்பொருளாக்காத நிதானத்தையும், வீக்கின் லைப்ஸிக் வீட்டுப் பாடத்தின் எச்சங்கள் என்று கொள்ள இடமுண்டு. இந்தப் பதிவுகளில் ஏதேனும் ஒன்றை மட்டும் கேட்க விரும்பும் வாசகர், ஃபேனி டேவிஸ் 1928-இல் பதிவு செய்த ராபர்ட் ஷூமனின் பியானோ கன்செர்ட்டோவிலிருந்து தொடங்கலாம். 1845-இல் அதை அரங்கேற்றியவரிடமே நேரில் பாடம் கேட்ட கைகள் அதில் வாசிக்கின்றன.